ஒன்றுக்கே உரிய பொருள்

கையில் ஒரு தொலைபேசி போதுமா, இரண்டு வேண்டுமா என்று கேட்டால் கடைக்காரர் விலையையும் பற்றரியையும் காட்டிப் பதில் சொல்லிவிடுவார். வியாபாரக் கணக்கில் அந்த வழக்கு 2007 ஜனவரியிலேயே தீர்ந்துபோனது. பாட்டுக் கேட்கும் கருவி, தொலைபேசி, இணையக் கருவி என மூன்று புதிய பொருட்களை அறிவிப்பவர்போலப் பேசத் தொடங்கிய ஸ்டீவ் ஜொப்ஸ், மூன்றும் ஒரே பொருள் என்று சொல்லி ஐபோனைத் தூக்கிக் காட்டினார். அதுவரை ஒரு பையில் தொலைபேசியும் மறு பையில் நாட்குறிப்புக் கருவியும் சுமந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. கமெரா, கைக்கடிகாரம், வானொலி, டோர்ச், கணக்குப் பொறி, வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்தன. அவற்றோடு தேவாரமும் குர்ஆனும் விவிலியமும் பஞ்சாங்கமும் பாங்கு நேரமும் செபமாலையும் உள்ளே போய்விட்டன. இந்தக் கடைசி வரிசைக்கும் முந்தைய வரிசைக்கும் வேறுபாடு உண்டா என்பதே இங்கு விசாரிக்க வேண்டிய கேள்வி. இதை விசாரிக்க மட்டக்களப்புப் பகுதி ஏற்ற இடம்: அங்கே வாவியைச் சுற்றிச் சைவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். மூன்று சமயத்தார் கையிலும் இருப்பது ஒரே வகைக் கருவி. உலகியல் வேலைகள் எல்லாவற்றுக்கும் ஒரு கருவி தாராளமாகப் போதும். வழிபாட்டுக்கு மட்டும் அதற்கே உரிய இன்னொரு பொருள் வேண்டும் என்பது என் வாதம். பழமை மீதான பற்றினால் இதைச் சொல்லவில்லை. எல்லா வேலையும் செய்யும் பொருளின்மீது எந்த ஒழுக்க விதியும் ஒட்டி நிற்பதில்லை. விதி ஒட்டாத பொருளைக்கொண்டு மனத்தைப் பழக்க முடியாது.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டவர்கள் இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள். அச்சிட்ட குர்ஆன் பிரதியை, அதாவது முஸ்ஹபை, கைகால் முகம் கழுவும் ஒளு இல்லாமல் தொடக்கூடாது என்பது மத்ஹபுகள் எனும் நான்கு சுன்னிச் சட்டப் பள்ளிகளிலும் நிலைபெற்ற கருத்து. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபும் அதையே சொல்கிறது. முஸ்ஹபை மலசலகூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. தரையில் கண்டபடி போடக் கூடாது. அப்படியானால் குர்ஆன் செயலி இருக்கும் தொலைபேசியை என்ன செய்வது? காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ கடை நடத்துபவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் நாள் முழுவதும் நடமாடுகிறார். சமகால அறிஞர் பலரின் தீர்ப்பு தெளிவானது. திரையில் தெரியும் எழுத்து ஒளியாகத் தோன்றி ஒளியாகவே மறைவது. தாளில் பதிந்து நிற்பதன்று. ஆகவே கருவிக்கு முஸ்ஹபின் விதி பொருந்தாது. ஒளு இல்லாமலும் அதைத் தொடலாம். வசனம் திரையில் விரியாதவரை அதைப் பையில் வைத்தபடி எங்கும் போகலாம். தர்க்கத்தில் பிழை காண முடியாத தீர்ப்பு இது. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வேதம் முழுவதும் உள்ளே இருந்தும் அந்தக் கருவிக்கு வேதத்தின் மரியாதை வந்து சேரவில்லை. வந்து சேர்ந்திருந்தால் அதைக்கொண்டு மீன் விலை பேசவோ படம் பார்க்கவோ முடியாமல் போயிருக்கும். பல வேலைக்குரிய பொருள்மீது ஒரு வேலையின் விதியை ஏற்றினால் மற்ற வேலைகள் நின்றுவிடும். எனவே விதிதான் விலக வேண்டியிருந்தது. கருவி எல்லாவற்றையும் தாங்கும், எதுவாகவும் ஆகாது.

இதற்கு எதிர்முனையில் நிற்கும் ஒரு சான்று வாவிக் கரைகளிலேயே உண்டு. செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று தெற்கு நோக்கி நீளும் ஊர்களில் கண்ணகி அம்மன் வழிபாடு வேரூன்றியிருக்கிறது. இப்பிரதேசத்துக் கண்ணகி கோயில்கள் பலவற்றில் ஆண்டின் பெரும்பகுதி கதவு சாத்தியே இருக்கும். வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். கதவு திறத்தலில் தொடங்கி, அம்மனைக் குளிர்விக்கும் திருக்குளிர்த்தியில் நிறையும் அந்த நாட்களில் கண்ணகி வழக்குரை பாடப்படும். கோயில் காவலில் ஏடாக இருந்த அந்தப் பாடலைப் பண்டிதர் வி.சீ. கந்தையா பதிப்பித்து அச்சேற்றினார். இன்று ஒலிப்பதிவும் காணொளியும் கைக்கருவிக்கே வந்துவிட்டன. ஐப்பசியிலும் கேட்கலாம், பேருந்தில் போகும்போதும் கேட்கலாம். இருந்தும் வைகாசியில் அந்தக் கதவு திறக்கும் இரவுக்குக் கூட்டம் குறையவில்லை. பாடலின் சொற்களுக்காக மட்டும் மக்கள் போயிருந்தால், சொற்கள் எங்கும் கிடைக்கத் தொடங்கியதும் கூட்டம் கலைந்திருக்க வேண்டும். அவர்கள் தேடிப் போவது, அந்த ஒரு செயலுக்கென்றே ஒதுக்கப்பட்ட கதவையும் நாளையும் கும்பத்தையும் உடுக்கொலியையும். ஏட்டிலிருந்து அச்சுக்கும் அச்சிலிருந்து திரைக்கும் பாடல் பெயர்வதைச் சமயம் தடுக்கவில்லை, தடுக்கவும் தேவையில்லை. ஆனால் எல்லாவற்றையும் பெயரவிட்டுவிட்டு, பெயராத ஒன்றை அது கையில் வைத்துக்கொண்டது.

பெயராத ஒன்று ஏன் வேண்டும் என்பதற்குச் சைவ சித்தாந்தம் தரும் விளக்கம் இன்றைய கவனச் சிதறல் பற்றிய பேச்சுகளைவிட ஆழமானது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் உயிரின் இருப்பை நிறுவ ஐம்பொறிகளையே சான்றாக்குகிறது. கண் நிறத்தை அறியும், ஒலியை அறியாது. செவி ஒலியை அறியும், சுவையை அறியாது. ஒவ்வொரு பொறிக்கும் ஒரு புலனே உரியது. ஐந்தையும் அறிகிற ஒன்று அவற்றுக்கு வேறாக உண்டு, அதுவே உயிர். கருவிகள் பலவாகவும் அறிபவன் ஒருவனாகவும் இருப்பதே இந்த அமைப்பு. அந்த ஒருவனின் அறிவோ ஏகதேசமானது. ஒன்றில் அழுந்தும்போது மற்றொன்று அதற்கு நழுவிவிடும். மேலும் உயிர் தனித்து நிற்பதில்லை. எதைச் சார்கிறதோ அதன் வண்ணம் ஆகிவிடும். மலத்தைச் சார்ந்தால் மலத்தின் வண்ணம், சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் வண்ணம். இந்த இரண்டு கொள்கைகளையும் சேர்த்துப் பார்த்தால் விளைவு வெளிப்படை. ஏகதேச அறிவுடைய உயிர், ஆயிரம் சார்புகள் ஒரே கண்ணாடிக்குள் நெருங்கிக் கிடக்கும் ஒரு பொருளைச் சார்கிறது. பதிகத்தின் மூன்றாம் பாட்டில் நிற்கும்போது மேலிருந்து ஒரு கடன் நினைவூட்டல் இறங்குகிறது. அதைத் தொடாமல் தள்ளிவிட்டாலும், தள்ளுவதற்காகவே உயிர் ஒரு கணம் அதைச் சார்ந்தாக வேண்டியிருக்கிறது. பொறிகளைத் தனித்தனியாகப் படைத்த ஒழுங்கு ஒரு பலவீனத்துக்குத் துணையாக வந்தது. அந்தத் துணையை நாம் கண்ணாடிப் பலகை ஒன்றில் கரைத்துவிட்டோம்.

முதல் எதிர்வாதம் எல்லாச் சமயத்தின் உள்ளிருந்தும் எழும்: குற்றம் மனத்தினுடையது, கருவியினுடையது அன்று. இஸ்லாத்தில் செயல்களை அளப்பது நிய்யத், அதாவது எண்ணம். இயேசு செபிப்பவனை உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னதும் உள்ளத்தைக் குறித்தே என்று வியாக்கியானம் செய்வோர் உண்டு. சித்தர் மரபு கோயிலையே உடம்புக்குள் காட்டியது. நிய்யத் சரியாக இருந்தால் எந்தத் திரையிலும் ஓதலாம் என்பது உண்மைதான். ஆனால் நிய்யத்தே போதும் என்றிருந்தால் தொழுகைத் திசையான கிப்லா எதற்கு, ஒளு எதற்கு, தொழுகைக்கு வரிசை எதற்கு? செபமாலையில் மணிகள் எதற்கு? மனமே போதுமானவர்களும் இருக்கிறார்கள் என்பதைச் சமயங்கள் அறியும். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர் என்பதையும் அறியும். சைவம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளை வகுத்தது அதனால்தான். கோயில் கூட்டுவதும் பூத்தொடுப்பதும் சரியை. கைக்கு ஒரு வேலை கொடுத்து, அந்த வேலைவழி மனத்தை நிறுத்தும் முறை அது. ஞானத்தில் நிற்பவருக்கு எந்தக் கருவியும் தடை ஆகாது. அவருக்குச் செயலியும் வேண்டியதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாம் பெரும்பாலும் முதற்படியில் இருப்பவர்கள். முதற்படிக்குரியவருக்கு நாலாம் படியின் சுதந்திரத்தைக் காட்டி ஆறுதல் சொல்வது உதவியாகாது.

இரண்டாவது எதிர்வாதம் தொழில்நுட்பத்திடமிருந்து வருகிறது, அதனால் இன்னும் வலியது. ஒரே கருவிக்குள் பிரிவினை செய்யலாமே? இரண்டு சிம் போடலாம், இரண்டு கணக்குகள் வைக்கலாம், வழிபாட்டு வேளையில் இணைப்பைத் துண்டித்துவிடலாம், அறிவிப்புகளை நிறுத்தலாம். ஒரு பொருளே காலத்தால் இரண்டாகும்போது இடத்தால் இரண்டு வேண்டியதில்லை என்பது இவ்வாதம். ஓரளவுக்கு இதை ஏற்கத்தான் வேண்டும். ஆயினும் இங்கே சாத்துகிற விரலும் திறக்கிற விரலும் ஒன்று. இரண்டுக்கும் இடையில் ஒரு நொடிகூட இல்லை. கோயில் விரதம் அப்படி அமைவதில்லை. காப்புக் கட்டிக்கொண்டவர் கையில் உள்ள நூலை ஊர் முழுவதும் பார்க்கிறது. அதை அவர் நினைத்தபோது அவிழ்க்க முடியாது, அவிழ்க்க நாளும் முறையும் உண்டு. சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னே மௌனமாகப் பூசை செய்கிறார். பேசாதிருக்கத் தெரியாதவர் என்பதால் அவர் வாயைக் கட்டுவதில்லை. தன் உறுதியைத் தன் மனத்திடம் மட்டும் ஒப்படைத்து வைக்காமல் ஒரு துணியிடமும் ஒப்படைக்கிறார். சமய ஒழுக்கத்தின் பழைய நுணுக்கம் இதுதான்: விருப்பம் தளரும் என்று முன்கூட்டியே தெரிந்து, கட்டுப்பாட்டின் பாரத்தை விருப்பத்துக்கு வெளியே இறக்கிவைப்பது. அமைப்புப் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தள்ளுவது அந்தப் பாரத்தை மறுபடியும் விருப்பத்தின் தலையிலேயே ஏற்றுகிறது.

ஒன்றாய்க் கலந்ததன்மீது தனி விதி ஒட்டாது என்பதை இப்பிரதேசம் மிகக் கொடிய ஒரு நாளிலும் கண்டது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. கொல்லப்பட்டவர்களில் சிறுவர்கள் பலர். அன்றே அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது; தடை பல நாட்கள் நீடித்தது. வதந்தி பரவி வேறு ஊர்களில் இரத்தம் சிந்தக்கூடாது என்பது சொல்லப்பட்ட நோக்கம். அந்த அச்சம் வீணானதென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வதந்தி வந்த வழியிலேயே செபக் குழுக்களின் அழைப்பும், இறந்தோர் பற்றிய செய்தியும், கடல் கடந்த உறவினரின் விசாரிப்பும் வந்துகொண்டிருந்தன. வதந்தியை மட்டும் தொட்டு நிறுத்த வழி இருக்கவில்லை. ஒன்றை மூடினால் அனைத்தும் மூடிக்கொள்ளும். தனி வழியில் ஓடிய சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் தடையின் வெளியே நின்றன. வெறுப்பும் ஆறுதலும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொண்டால், வெறுப்புக்கு விதிக்கும் தண்டனையை ஆறுதலும் சேர்ந்து அனுபவிக்கும். ஒரு மனிதனின் தனி வாழ்விலும் இதே நியாயம் நடக்கிறது. தொலைபேசி தன்னைக் கெடுக்கிறது என்று கண்டு அதைத் தூர வைப்பவன், உள்ளே இருக்கும் திருமுறையையும் தூர வைத்துவிடுகிறான். திருமுறைக்காக மறுபடி கையில் எடுப்பவன் தன்னைக் கெடுத்ததையும் கூடவே எடுத்துக்கொள்கிறான்.

மூன்றாவது எதிர்வாதம் கருணையின் பக்கம் நின்று பேசுகிறது. கலந்த கருவி எளியவருக்குக் கதவைத் திறந்திருக்கிறது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட திருமுறைப் பாடல்களை அச்சில் வாங்கி வைக்க எத்தனை வீடுகளால் முடியும்? தருமபுரம் ஆதீனத்தின் தேவாரம் தளத்தில் அவை உரையோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஈழத்து நூல்களை நூலகம் எண்ணிம நூலகம் 2005 முதல் திரட்டிவருகிறது. கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயில் தேரோட்டத்தை ரொறன்ரோவில் இருப்பவர் காண்பதும் இதனால்தான். சிவம் எங்கும் நிறைந்திருப்பது என்றால் திரையில் மட்டும் இல்லாமல் போகுமா? இல்லாமல் போகாது. ஆனால் இந்த வினாவுக்குச் சைவர் காலம் காலமாகச் சொல்லிவரும் விடை ஒன்றுண்டு: பால் பசுவின் உடம்பெங்கும் கலந்திருந்தாலும் மடியில்தான் சுரக்கும். எங்கும் நிறைந்திருப்பது ஒரு செய்தி, இங்கே வெளிப்படுவது வேறொரு செய்தி. கொக்கட்டிச்சோலையே இதற்கு நல்ல உதாரணம். தேரில் ஏறி வீதிக்கு வருவது உற்சவ மூர்த்தி. தான்தோன்றீஸ்வரராகிய இலிங்கம் கருவறையைவிட்டு அசைவதில்லை. ஒரே திருவுருவம் இரண்டு வேலையும் செய்தால் செலவு குறையுமே என்று ஆகம மரபு கணக்குப் பார்க்கவில்லை. எல்லோரையும் தேடிப் போவதற்கு ஓர் உரு, எல்லோரும் தேடி வருவதற்கு ஓர் உரு. தொலைபேசியின் தேவாரத்தையும் நேரலைத் தேரோட்டத்தையும் முதல் வகையில் சேர்க்கலாம். படிப்புக்கும் தேடலுக்கும் தூரத்து உறவுக்கும் அவை பெரிய பேறு. அவற்றால் இரண்டாம் வகை தேவையற்றதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வதுதான் தவறு.

இதுவரை வந்தவற்றைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஒதுக்கி வைத்தல் என்ற பழக்கம் பொருட்களோடு நின்றதா? கதவுக்கு விதி வைத்தவர்கள் அந்தக் கதவுக்குள் யார் நுழையலாம் என்றும் விதி வைத்தார்கள். சாதியின் பெயரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. மட்டக்களப்புக் கோயில்களில் குடி வரிசைப்படி உரிமையும் மரியாதையும் பங்கிடப்பட்டன; பங்கில்லாதோர் தள்ளி நின்றார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண் பூசையறைக்குப் போகக்கூடாது என்ற வீட்டு விதி இன்றும் வழக்கில் இருக்கிறது. தொலைபேசியோ யாரிடமும் குலம் கேட்பதில்லை, நாள் கேட்பதில்லை. விதி ஒட்டாத பொருள் என்று நான் குறையாகச் சொன்னதே அவர்களுக்கு விடுதலை அல்லவா? ஆம், விடுதலைதான்; அதை மறுக்கிற எந்த வாதமும் அறத்துக்கு எதிரானது. ஆனால் இரண்டு வகை ஒதுக்கலைப் பிரித்தறிய வேண்டும். பிறரைத் தள்ளி வைக்கப் பொருளை ஒதுக்குவது ஒன்று. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளப் பொருளை ஒதுக்குவது மற்றொன்று. முதலாவதில் விதியின் பாரம் அயலவன்மேல் விழுகிறது, இரண்டாவதில் தன்மேலேயே விழுகிறது. மேலே கண்ட கப்புகனார் வாய்த்துணியைப் பிறர் வாயில் கட்டினால் அது கொடுமை. தன் வாயில் கட்டியதால் அது நோன்பு. கோயிலில் மறுக்கப்பட்டவர் தன் வீட்டு மாடத்தில் ஒரு விளக்கைத் தனக்கென வைத்துக்கொள்ளலாம். அதை எந்த நாளில் ஏற்றுவது என்பதை வேறு யாரும் விதிக்கத் தேவையில்லை. இந்த உரிமையைக் கருவி பறிப்பதில்லை. ஆனால் அந்த விளக்கின் இடத்தையும் அது நிரப்புவதில்லை.

செலவைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு பொருள் வைத்திருப்பது வசதி படைத்தவர் வாதம் என்று தோன்றலாம். இரண்டு தொலைபேசி என்றால் அப்படித்தான். அதிலும் பயன் இல்லை, ஒரே வகை ஆசை இரண்டு பையில் இருக்கும். வியாபாரத்துக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு தொலைபேசி வைத்திருப்பவர் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். நான் சொல்லும் இரண்டாவது பொருள் தொலைபேசியாக இருக்கவே வேண்டியதில்லை. ஒரு சிறிய பதிகப் புத்தகம், ஒரு முஸ்ஹப், ஒரு தஸ்பீஹ் மணி, ஆயித்தியமலை அன்னையிடம் போய்வந்தவர் கொண்டுவந்த ஒரு செபமாலை, இவற்றில் எதுவும் புதிய தொலைபேசியின் உறைக்கு ஆகும் செலவைத் தாண்டாது. திருமுறையை முழுவதும் தேடிப் படிக்கத் திரை வேண்டும். நாள்தோறும் ஓதும் ஒரு பதிகத்துக்கு நாலு தாள் போதும். அந்த நாலு தாள் வேறு எதையும் செய்யாது, வேறு யாரையும் கொண்டுவந்து முன்னே நிறுத்தாது. அதன் மதிப்பே அதன் இயலாமையில் இருக்கிறது.

ஆகவே ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு எண்ணிக்கையில் விடை தேடுவது வீண். ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது இன்ன செயலைத்தான் செய்யப்போகிறோம் என்பது எடுத்தவுடனேயே தீர்மானமாகிவிடுகிறதா என்று கேட்டுப் பார்த்தால் போதும். தீர்மானமாகிவிட்டால் அந்தப் பொருள் உயிருக்குத் துணை. எடுத்த பிறகு தேர்வு செய்ய வேண்டியிருந்தால் அது சந்தை. சந்தையில் நேர்மையாக நடக்கலாம், பொருள் வாங்கலாம், நண்பரைச் சந்திக்கலாம், ஆனால் தியானத்துக்காக அங்கே போவதில்லை. வாழ்க்கையின் பெரும்பகுதி சந்தையில்தான் நடக்கும், அதற்கு எல்லாம் செய்யும் ஒரு கருவி நியாயமான தெரிவு. மிச்சமிருக்கும் சிறு பகுதிக்கு, வேறு எதுவும் செய்யத் தெரியாத ஒரு பொருளைத் தெரிந்தெடுப்பது அவரவர் பொறுப்பு. அந்தத் தெரிவை வேறு எந்தக் கருவியிடமும் ஒப்படைக்க முடியாது.